ஊர் நலக் கணக்கு: பதிவேடா, வீடு வீடாகவா, தரைப் படமா, முகாமா?

ஊரில் யாருக்கு என்ன நோய், யாருக்கு எது போய்ச் சேரவில்லை என்று ஒரு கணக்கு வேண்டும். கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. எந்த வழியில் இறங்குவது? செட்டிநாட்டு ஊர்களில் நலச் சங்கம், மகளிர் குழு, ஊராட்சி, கோயில் அறக்கட்டளை என எதை நடத்துகிறவர்களும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முகாம் போடச் சொல்கிறார்கள். ஊரில் இருக்கும் இளைஞர்கள் போனிலேயே சர்வே எடுத்துவிடலாம் என்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால், "எல்லாம் எங்க ரிஜிஸ்டர்லயே இருக்கே" என்பார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது, மூன்றிலும் ஓட்டையும் இருக்கிறது. பலர் யோசிக்காத நான்காவது வழியும் ஒன்று உண்டு: தெருவில் உட்கார்ந்து படம் போடுவது.

கணக்குக்காக, 900 வீடும் 3,000 பேரும் உள்ள ஓர் ஊராட்சியை வைத்துக்கொள்வோம். ஒரு தாய்க்கிராமம், இரண்டு குக்கிராமங்கள், 40 வீடுள்ள ஓர் ஆதிதிராவிடர் குடியிருப்பு. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களிலும் எல்லை தாண்டித் திருமயம், பொன்னமராவதிப் பக்கமும் இருப்பவர்கள் இந்த அமைப்பைத் தங்கள் ஊரோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இந்தப் பதில் தெரிந்தால் எதை மாற்றப் போகிறோம்? மாற்ற ஒன்றும் இல்லையென்றால் அளக்கவே வேண்டாம். ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் ஊரில் அது 48 ஆக இருந்தாலும் 58 ஆக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கச் செலவழிக்கும் பணத்தில், இரும்புச்சத்து மாத்திரை எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்று கண்டுபிடிக்கலாம்.

அடுத்த அளவுகோல், யார் விடுபடுகிறார்கள் என்பது. எங்களைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரியது. செட்டிநாட்டில் கணக்கிலிருந்து நழுவுகிறவர்கள் யாரென்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, பூட்டிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்து காவல் பார்க்கும் குடும்பம், புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலத்தார், பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகள், பகலில் நூறு நாள் வேலைக்கோ டைல்ஸ் பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுகிறவர்கள், ஒதுக்குப்புறக் குடியிருப்பில் இருப்பவர்கள்.

மூன்றாவது, கிடைக்கும் எண்ணைத் தெருவாரியாகப் பிரிக்க முடியுமா என்பது. ஊர் சராசரி எப்போதும் நன்றாகவே இருக்கும், குறை ஒரு மூலையில் கிடக்கும். நான்காவது, அதே கணக்கை அடுத்த ஆண்டும் அதே முறையில் எடுக்க முடியுமா என்பது. ஐந்தாவது, கேட்டது வெளியே போகாமல் ரகசியமாக இருக்குமா என்பது.

ஆறாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது சின்ன எண்ணின் ஆபத்து. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 2020-ல் ஆயிரத்துக்குச் சுமார் 14. அப்படியானால் 3,000 பேர் ஊரில் ஆண்டுக்கு 40 குழந்தைகள் பிறக்கலாம். அதில் ஒன்று இறந்தால் சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 25, இறக்காவிட்டால் சுழியம். ஒரே ஆண்டில் ஊர் நரகமாகி மறு ஆண்டு சொர்க்கமாகிவிடுவதில்லை. ஊராட்சி அளவில் இந்த விகிதத்தைப் போடவே போடாதீர்கள். அந்த ஒரு குழந்தை ஏன் இறந்தது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எதற்கு அனுப்பினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

## வழி 1: இருக்கும் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்ப்பது

ஊரைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பதிவும் தடுப்பூசிப் பதிவும், அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை உயரம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவோர் பட்டியல், கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பு இறப்புப் பதிவு. இவற்றைச் சேர்த்துப் பார்க்க ஆகும் செலவு பஸ் கட்டணமும் நகல் எடுக்கும் காசும்தான். மூன்று வாரம் போதும்.

ஆனால் ஒவ்வொரு பதிவேடும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் பொய் சொல்லும். அந்த விதம் தெரிந்தால் பொய்யைக் கழித்துவிடலாம்.

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. பிரசவம் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் என்பதால் உங்கள் ஊர்க் குழந்தை காரைக்குடியிலோ சிவகங்கையிலோ மதுரையிலோ பதிவாகியிருக்கும். கிராமப் பதிவேட்டில் இறப்பு குறைந்தால் ஆரோக்கியம் கூடிவிட்டது என்று பொருளில்லை. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது கூடியிருக்கலாம்.

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போகும் வழக்கம் கர்ப்பிணிப் பட்டியலைக் கலக்கிவிடும். இங்கே இருந்து போன மருமகளும் இங்கே வந்த மகளும் ஒரே காலத்தில் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். பெயரை வைத்துச் சரிபார்த்தால் குழப்பம்தான். கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அதை வைத்துச் சரிபார்க்கும்படி செவிலியரைக் கேளுங்கள். எண் அவரிடமே இருக்கட்டும், உங்களுக்கு எண்ணிக்கை போதும்.

அங்கன்வாடி எடைக் கணக்கில் இரண்டு சோதனைகள். எடை இயந்திரத்தில் தெரிந்த எடை ஒன்றை, கடையிலிருந்து வாங்கிய 2 கிலோ எடைக்கல்லை, வைத்துப் பாருங்கள். 300 கிராம் வித்தியாசம் இருந்தாலே, எல்லையில் நிற்கும் ஒரு வயதுக் குழந்தை பச்சையிலிருந்து (சரியான எடை) மஞ்சளுக்கு (எடை குறைவு) மாறிவிடக்கூடும். அடுத்து, எழுதிய எடைகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 9.0, 10.5, 11.0 என்று சுழியத்திலும் ஐந்திலுமே முடிந்தால் அது கண்ணால் பார்த்து எழுதிய எடை. பணியாளரைக் குற்றம் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். சங்கப் பணத்தில் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுவாகவே இருக்கலாம்.

மாத்திரைப் பட்டியலிலிருந்துதான் சமத்துவம் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம். அந்தப் பட்டியல் சிகிச்சை யாரைச் சேர்ந்தது என்று காட்டும், நோய் யாருக்கு என்று காட்டாது. அதைத் தெருவாரியாகப் பிரித்து, வாக்காளர் பட்டியலை எடுத்து 45 வயதுக்கு மேற்பட்டவர்களை அதே தெருவாரியாக எண்ணுங்கள். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம், வயதும் வீட்டு எண்ணும் அதில் இருக்கும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களைத் தபால்காரரோ ரேஷன் கடைக்காரரோ பத்து நிமிடத்தில் அடித்துக் காட்டிவிடுவார். இப்போது தெற்குத் தெருவில் 120 பேருக்கு 31 பேர் மாத்திரை வாங்குகிறார்கள், குடியிருப்பில் 50 பேருக்கு 4 பேர் என்று வந்தால், முன்னது 26 சதவீதம், பின்னது 8. குடியிருப்பில் நோய் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் வரும் நேரம் சரியில்லை, அல்லது முதல் பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரிய வீட்டுத் தெருவிலும் எண் குறைவாக வரலாம். அங்கே காரணம் வேறு: தனியாரிடம் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலிருந்து மாத்திரை அனுப்புகிறார்கள். ஒரே குறைந்த எண், இரண்டு தெருவில் இரண்டு பொருள். நேரில் போய்க் கேட்காமல் பிரிக்க முடியாது.

கேட்கும் முறை: வட்டார மருத்துவ அலுவலருக்கு ஊராட்சி வழியாகக் கடிதம். பெயர் வேண்டாம், தெருவாரி எண்ணிக்கை மட்டும் போதும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரியில் பாதித் தயக்கம் போய்விடும். கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய், 30 நாள். அதிலும் எண்ணிக்கையைத்தான் கேட்க முடியும், நோயாளி விவரம் கேட்டால் மறுத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. மாவட்டப் புள்ளிவிவரத்தை ஊருக்குப் பொருத்தாதீர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள்தான் எடுக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரு வீட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை வைத்து வகுப்பதும் ஆபத்து. பல தெருக்களில் அன்று இருந்தவர்களில் பலர் இன்று அங்கே இல்லை.

## வழி 2: வீடு வீடாகப் போவது

நன்றாகச் செய்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. அரைகுறையாகச் செய்தால் பணமும் போகும், ஊரின் நம்பிக்கையும் போகும்.

முதலில் கணக்கு. ஒரு வீட்டுக்கு 25 நிமிடம், நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒருவர் நாளைக்கு 12 வீடு முடிப்பார். 900 வீட்டுக்கு 75 ஆள்நாள். ஐந்து பேர் போனால் 15 நாள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு மறுபடி போக இன்னும் 4 நாள், அதாவது 20 ஆள்நாள். பயிற்சிக்கு ஐந்து பேருக்கும் 2 நாள். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தாலும் கூலி மட்டும் 63,000. சரிபார்ப்புக்கும் தட்டச்சுக்கும் தனி. கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் எடுத்தால் தட்டச்சு மிச்சம், நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் கேள்வித்தாளைச் செயலியில் ஏற்றிச் சோதிக்க ஒருவர் நாலைந்து நாள் உட்கார வேண்டும்.

எல்லா வீடும் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். 900 வீட்டில் முறையாகத் தேர்ந்த 270 வீடு எடுத்தால், பாதிக்குப் பாதி இருக்கும் ஒரு விஷயத்தை 5 சதவீதப் புள்ளி கூடக் குறையச் சொல்லிவிடலாம். 90 வீடு எடுத்தால் 10 புள்ளி. முகாம் எங்கே போடுவது, மாத்திரை எங்கே குறைகிறது என்று முடிவு செய்ய 10 புள்ளித் துல்லியமே போதும்.

மாதிரி எடுப்பதில் ஒரு குழி இருக்கிறது. ஆறு வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்தால் 40 வீட்டுக் குடியிருப்பில் ஏழு வீடுதான் வரும். ஏழு வீட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் அறிக்கையில் அந்தக் குடியிருப்பே காணாமல் போகும். ஆகவே மற்ற 860 வீட்டில் 120, குடியிருப்பில் 40-ம் என்று எடுங்கள். பிறகு கூட்டும்போது ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மொத்த வீட்டுக்கு ஏற்ப எடை போட வேண்டும். உதாரணத்துக்கு, 120-ல் 30 வீட்டில், அதாவது 25 சதவீதத்தில், மாத்திரையை விட்டவர் இருக்கிறார். 40-ல் 24 வீட்டில், 60 சதவீதம். இரண்டையும் அப்படியே கூட்டினால் 160-க்கு 54, ஏறக்குறைய 34 சதவீதம் என்று தப்பாக வரும். சரியான கணக்கு: 860-ல் கால்வாசி 215, அதோடு 24, மொத்தம் 239. 900-க்கு 239 என்றால் 26.6 சதவீதம். அறிக்கையில் 26.6-ஐச் சின்னதாகவும் 25-க்கும் 60-க்கும் உள்ள இடைவெளியைப் பெரிதாகவும் போடுங்கள்.

களத்தில் வரும் பிழைகளில் செட்டிநாட்டுக்கே உரியது வீட்டின் வடிவம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் போகிறவர் பூட்டைப் பார்த்து "ஆளில்லை" என்று எழுதுவார். பின்தெருவில் போகிறவர் அதையே வேறு வீடாக எண்ணுவார், அல்லது சுவர் என்று நினைத்துத் தாண்டிப் போவார். பின்கட்டில் குடியிருக்கும் காவல் குடும்பம் இரண்டிலும் விழாது. கணக்கெடுப்புக்கு முன் ஒரு நாள் முழுக்கத் தெருக்களை நடந்து, வாசல்களை எண்ணி, எந்தப் பின்வாசல் எந்த முகப்புக்கு உரியது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிடுங்கள். அந்த ஒரு நாள் நடை, பின்னால் ஒரு வாரத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

வயது அடுத்த பிழை. வயதானவர்கள் 60, 65, 70 என்றுதான் சொல்வார்கள். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீக ஆச்சி?" என்று கேட்டால், 1964-ல் பள்ளிக்கூடம் போனாரா, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். கேள்வியின் சொல்லும் முக்கியம். "சர்க்கரை இருக்கா?" என்றால் வெட்கப்பட்டு இல்லை என்பவர் உண்டு. "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றால் கையோடு எடுத்துவந்து காட்டுவார். "போன ஏழு நாள்ல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்பது அதற்கடுத்த கேள்வி. அட்டையில் மீதி இருக்கும் மாத்திரையை எண்ணினால் பதில் சரியா என்று அப்போதே தெரியும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்க வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். அரை மணிக்குள் காப்பியோ புகையிலையோ எடுத்திருந்தால் பிறகு வாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடக் காட்டும். 180/120-ஐத் தாண்டி வந்தால் அன்றைக்கே யாரிடம், எந்த வண்டியில் அனுப்புவது என்பதை முதல் வீட்டுக்குப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் கருவியைக் கையில் எடுப்பது தவறு.

மறைந்திருக்கும் பெரிய செலவு எதிர்பார்ப்பு. ஒரு வீட்டில் அரை மணி உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனால், அடுத்த மாதம் "எல்லாத்தையும் எழுதிட்டுப் போனீகளே, என்ன ஆச்சு?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பதில் இல்லையென்றால் அடுத்த முறை கதவு திறக்காது.

## வழி 3: தெருவில் படம் போடுவது

மரத்தடியில், கோலமாவில் தெருக்களையும் வீடுகளையும் ஊருணியையும் குழாய்களையும் பெண்களே வரைவது. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு ஒரு கூழாங்கல், தனியாக இருப்பவருக்கு ஒரு வேப்பிலை. பத்துப் பதினைந்து பேர், இரண்டு மணி நேரம். கடைசியில் அதைச் சார்ட்டில் பார்த்து எழுதிக்கொண்டு தரையைக் கூட்டிவிட வேண்டும். செலவு டீயும் வடையும்.

இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு கிடைக்கும் வழி வேறில்லை. "அந்த வீட்டுல யாருமில்லன்னு எழுதிராதீக, பின்னாடி ஒரு பொண்ணு ரெண்டு பிள்ளையோட இருக்கா" என்று ஒருத்தி சொல்வாள். எந்தக் குழாயில் தண்ணீர் கடைசியாக வருகிறது, எந்தத் தெருவில் இரவில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

ஆனால் இடத்தைத் தேர்வதில் தப்பினால் எல்லாம் தப்பும். கோயில் மண்டபத்தில் போட்டால் சிலர் வர மாட்டார்கள், வந்தாலும் பேச மாட்டார்கள். தாய்க்கிராமத்தில் ஒன்று, ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒன்று, குடியிருப்பில் ஒன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும். ஆலை வரிசை வீடுகள் இருந்தால் அங்கே ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரோடு. ஆண்கள் கூட்டம் வேறு, பெண்கள் கூட்டம் வேறு. ஒரே இடத்தில் ஒரே கூட்டம் என்றால் ஊரில் ஏற்கெனவே சத்தமாகப் பேசுகிறவர்களின் ஊர்தான் படத்தில் வரும்.

காசநோய், மனநோய், குடி, எச்.ஐ.வி., கருச்சிதைவு எதையும் இந்தப் படத்தில் கேட்கவே கூடாது. நாலு பேர் முன்னால் ஒரு வீட்டின் மேல் கல் வைப்பது அந்த வீட்டுக்கு முத்திரை குத்துவது. இந்த வழியில் சதவீதமும் கிடைக்காது, இடம்தான் கிடைக்கும்.

## வழி 4: மருத்துவ முகாம்

கொடுப்பவர்களுக்குப் பிடித்த வழி இது. ஒரே நாளில் 400 பேர், பந்தல், போட்டோ. சிகிச்சையாக அதில் புண்ணியம் உண்டு. கணக்கெடுப்பாக மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கில் மிகவும் பலவீனமானது இதுதான். நடக்க முடிந்தவர்தான் வருவார். வெயிலில் நடந்து வரிசையில் நின்றவருக்கு ரத்த அழுத்தம் கூடக் காட்டும், இட்லி சாப்பிட்டு வந்தவருக்குச் சர்க்கரை கூடக் காட்டும். "வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்குச் சர்க்கரை" என்ற வாக்கியம் ஊரைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

கண்புரை இதற்கு விலக்கு. அங்கே கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்த்த முறை நம் பக்கத்துக்கு நன்கு தெரிந்தது: முகாமில் பார்த்து, அறுவை தேவைப்படுகிறவரை வண்டியிலேயே அழைத்துப்போய், முடித்து, ஊரில் கொண்டுவந்து விடுவது. அந்த மாதிரி முழுச் சங்கிலி இருக்கும் நோய்க்கு முகாம் போடுங்கள். மற்ற எதற்குப் போட்டாலும் வந்தவரின் தெருவை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பதுதான் அன்று கிடைக்கும் உருப்படியான தகவல்.

## ஒரே பார்வையில்

| | பதிவேடு | வீடு வீடாக | தரைப் படம் | முகாம் |
|---|---|---|---|---|
| காலம் | 3 வாரம் | மாதிரி 2 வாரம், முழு ஊர் 4 வாரம் | 4 மாலைகள் | 1 நாள் |
| செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | டீ, சார்ட் | அதிகம் |
| விடுபடுகிறவர் | தனியாரிடம் போவோர், வெளிமாநிலத்தார் | பகலில் வேலைக்குப் போவோர், பின்கட்டுக் குடும்பம் | கூட்டத்தில் பேசத் தயங்குவோர் | நடக்க முடியாதோர் |
| தெருவாரி | கேட்டு வாங்கினால் உண்டு | உண்டு | உண்டு, எண் இல்லாமல் | வருகை மட்டும் |
| சதவீதம் | கவனத்தோடு | நம்பலாம் | கிடையாது | போடக் கூடாது |
| ஆண்டுதோறும் | எளிது | கடினம் | எளிது | பணம் இருந்தால் |
| ரகசிய ஆபத்து | குறைவு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் |

## எந்த ஊருக்கு எது

பெரும்பாலான ஊராட்சிகளுக்கு எங்கள் பதில்: முதலில் பதிவேடு, அதில் குறை தெரியும் தெருக்களில் தரைப் படம், அதன் பிறகும் விடை கிடைக்காத ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சின்ன மாதிரிக் கணக்கெடுப்பு. மொத்தம் பத்து வாரம். ஒன்றரை லட்சம் கையில் இருந்தால் 40,000-க்குள் இது முடியும். மிச்சம், கண்டுபிடித்த குறையைச் சரிசெய்ய.

நேரடியாக வீடு வீடாக இறங்க வேண்டிய ஊர்கள் உண்டு. செவிலியர் பணியிடம் நீண்ட நாள் காலியாக இருந்து பதிவேடே இல்லாத ஊர், ஆலைகளும் புது நகர்களும் வந்து பாதி ஊர் புதியவர்களான காரைக்குடிச் சுற்றுவட்டாரம், நோய் ஒன்று திடீரென்று ஒரு தெருவில் மட்டும் வரும்போது. கடைசியில் சொன்னதற்கு மாதிரியெல்லாம் வேண்டாம், அந்தத் தெருவில் எல்லா வீடும் அன்றே.

குடும்பங்களில் பாதி வெளியூரில் இருந்து, வயதானவர்களே மிஞ்சியிருக்கும் சிற்றூருக்குத் தரைப் படம் ஒன்றே போதும். 120 வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு யார் சாவி வைத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள சதவீதம் எதற்கு?

எந்த வழியைத் தேர்ந்தாலும் தண்ணீரை மட்டும் தனியாக அளந்துவிடுங்கள். அளப்பதும் எளிது, திருத்துவதும் எளிது. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்ட பிறகு, தொட்டிக்கு அடியில் உள்ள குழாயிலும் கடைக்கோடித் தெருக் குழாயிலும் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு காட்டும் சிறு கருவி) நீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்கோடியில் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். தொட்டியடியில் நல்ல மஞ்சள், கோடியில் வெறும் தண்ணீர் நிறம் என்றால் வழியில் குழாய் ஒழுகிச் சாக்கடை கலக்கலாம், அல்லது அளவு போதவில்லை. 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30,000 லிட்டருக்கு 120 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மி.கி. கிடைக்கும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும், எடை சரியாக இருந்தும் பலன் இருக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரானால் ஃபுளோரைடும் பாருங்கள்: 1 மி.கி. வரை நல்லது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். ஊருணி நீரைக் குடிக்கும் ஊரில், கிருமி பார்க்கும் எச்2எஸ் சோதனைப் பாட்டிலில் பிடித்து வைத்த நீர் 48 மணிக்குள் கறுத்தால் மலக் கிருமி கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

## எழுதியதை எங்கே வைப்பது

பெயர்ப் பட்டியல் ஒரு நோட்டில், எண்ணிக்கை இன்னொரு நோட்டில். பெயர் நோட்டு செவிலியர் பொறுப்பில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலின் போட்டோ போட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அறிவிப்புப் பலகையில் ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் போடாதீர்கள், "5-க்குக் குறைவு" என்று எழுதுங்கள். 40 வீட்டுக் குடியிருப்பில் "ஒருவர்" என்றால் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். செயலியில் எடுத்தால் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள்: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள். அக்டோபர் 2 என்று குறி வைத்தால் ஜூலை கடைசி வாரம் கடிதம் கொடுத்துவிட வேண்டும். சபைக்கு ஒரு வாரம் முன்பு, எந்தத் தெருவின் கணக்கோ அந்தத் தெருவிலேயே முதலில் படித்துக் காட்டுங்கள். தாளைப் பென்சிலில் எழுதிக்கொண்டு போங்கள். "மூணாவது வீட்டை விட்டுட்டீக" என்று யாராவது சொல்வார்கள், அங்கேயே திருத்தலாம். சபையில் "சுகாதாரத்தை மேம்படுத்துவது" என்ற தீர்மானம் வேண்டாம். "கடைக்கோடிக் குழாயின் குளோரின் அளவை வாரம் ஒரு முறை எடுத்துப் பலகையில் எழுதுவது, மாத்திரை வழங்கலை இந்தக் குடியிருப்பில் மாலை 6 மணிக்கு மேல் வைக்கக் கோருவது" என்று எழுதச் சொல்லுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், அந்த வரிகள் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.